பதினேழாம் பக்கத்து மலை

எனக்கு மூக்குநுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள், அலுவலகத்தில் சொல்வார்கள், நான் தினமும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர்கூடச் சொல்லியிருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் என் வேலையில் ஒரு பிழை இருந்தது என்று அத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொன்னதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் நகல் பிரிவில் இருந்தேன். தீர்ப்பு, வாக்குமூலம், பத்திரம் எதற்கு நகல் கேட்டாலும் நாங்கள்தான் டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். அடித்த நகல் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவனுக்கு எக்ஸாமினர் என்று பெயர். அது நான். எதிரே ரீடர் உட்கார்ந்து மூலத்தை உரக்கப் படிப்பார். கமா, முற்றுப்புள்ளி, பத்தி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார். நான் நகலின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டே போவேன். முடிந்ததும் ‘ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, கீழே கையெழுத்துப் போடுவேன்.

இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. வருஷக்கணக்காகச் செய்தால் கண் ஒரு பக்கம் ஓடும், புத்தி அதன்பாட்டுக்கு வேறொரு பக்கம் இருக்கும். கொலை வழக்கும் வரப்புத் தகராறும் எனக்கு ஒன்றுதான். யார் ஜெயித்தார், யார் தோற்றார், எதுவும் மண்டையில் ஏறாது. ஒரு தடவை என் சித்தப்பாவின் நில வழக்குத் தீர்ப்பையே ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் தோற்றது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து அவரே புலம்பியபோதுதான் எனக்குத் தெரிந்தது. “ஏலே, ஒங்கையெழுத்துத்தானலே கீழ கெடக்கு?” என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

என் மனைவி எழுதிய ஒரே புத்தகத்தையும் அப்படித்தான் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தையும் பார்த்தேன். ஒரு வரியைக்கூட வாசிக்கவில்லை. அது அவளுக்குத் தெரிந்துபோனதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவள் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். பிறந்த ஊர் வன்னியம்பட்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் முடிந்து முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது, என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனாள். புது மாப்பிள்ளைக்கு என்னவோ காட்டப் போகிறாள் என்று நானும் நடந்தேன். காட்டியது இரண்டு கிணறு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒன்றில் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. மற்றதில் வாய் கொப்பளிக்க முடியாது, அவ்வளவு உப்பு.

“எதனாலன்னு சின்னப்பிள்ளையில இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒருத்தருக்கும் பதில் தெரியல,” என்றாள்.

“உப்புன்னா குடிக்காத. இதுக்கெதுக்குப் பதிலு?” என்றேன். புது மாப்பிள்ளை பேசுகிற பேச்சா அது! அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில அறிவியல் பத்திரிகையை எடுத்து வந்தாள். அமெரிக்காவின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு விரிகுடா. அதைச் சுற்றியிருந்த ஊர்களில் ஆழமாகக் கிணறு போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருமாம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு துளைபோட்டுப் பார்த்தபோது, கீழே பாறை அடுக்கடுக்காக இல்லாமல் உடைந்து, கலைந்து, கண்டபடி கிடந்தது. மூன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தபோது, வானத்திலிருந்து ஒரு பெருங்கல் விழுந்து தோண்டிய பள்ளம் அது. இங்கிருந்து மதுரை வரைக்கும் அகலம். அதன் மேல் மண் மூடி, ஊர் வந்து, அங்கே பிறந்து செத்தவர்கள்கூடத் தாங்கள் ஒரு பள்ளத்தின் மேல் குடியிருந்தது தெரியாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு அவள் மூச்சுவிடாமல் சொல்லச் சொல்ல, நான் பேப்பருக்குப் பின்னால் இருந்து “உம்” போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிகளில் ஒருவருக்குக் கடிதம் எழுதினாள். பதில் வராது என்று நான் சொன்னேன். தடித்த கவர் ஒன்று வெளிநாட்டுத் தபால்தலையோடு வந்து என் வாயை அடைத்தது. அதை வைத்துக்கொண்டு, பள்ளி முடிந்து வந்து, தமிழில் எழுத ஆரம்பித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புரிந்துகொள்கிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம். வன்னியம்பட்டிக் கிணற்று உப்புக்கும் அந்தப் பள்ளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். நம் பக்கத்துப் பாறை வேறு, இங்கே உப்பு வரும் வழி வேறு. ஆனாலும் அலுவலகத்தில் விடுவார்களா? “என்ன சார், ஒங்க வீட்டம்மா வன்னியம்பட்டில வானத்துக் கல்லு விழுந்துச்சுன்னு எழுதுதாவளாமே?” என்று டீ குடிக்கும்போதெல்லாம் கேட்டார்கள். நான் சிடுசிடுத்தேன். யார் மேல் சிடுசிடுத்தேன் என்று இப்போது யோசித்தால், அவள் மேல்தான்.

ஒரு நாள் அவள் எதையோ எழுதிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, பெரிய கல்லு, சின்னக் கல்லு, மண்ணாங்கட்டி எல்லாம் ஒடைஞ்சு ஒண்ணாக் கலந்து இறுகிக் கிடக்கு. அந்தப் பாறைக்குத் தமிழ்ல என்ன பேரு வைக்கலாம்?”

எனக்கு எரிச்சல். சட்டைப் பித்தான் அறுந்து, தைக்க ஊசி கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தேன். “கதம்பம்னு வையி. ஆண்டாள் கோயில் வாசல்ல கட்டி விக்காம்லா, அந்தப் பேர வையி,” என்று கத்தினேன்.

அவள் ஊசியை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுதப் போய்விட்டாள்.

நாலு வருஷம் எழுதினாள். அந்தப் புத்தகத்தில் அவளுக்கு ஒரே ஒரு பயந்தான். பள்ளியில் கூட வேலை பார்த்த ஒரு டீச்சர், எல்லாரும் இருக்கும்போது, “மேப்பு போடச் சொல்லிக்கொடுத்தாப் போதாதா? இதெல்லாம் படிச்ச புரொபசருங்க எழுதுறது,” என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு என் மனைவி வீட்டுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். துடைத்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்.

“ஒரு தப்பு இருந்தாலும் போதும், ‘பாத்தியா, தெரியாத வேலைல எறங்குனா இப்படித்தான்’ம்பாவ. ஒரு தப்பு வரக் கூடாது. நீங்க பாத்துக் குடுத்தியன்னா எனக்கு நிம்மதி.”

“என் கண்ணுக்குத் தப்பாது,” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி நான் கோர்ட்டுக்கு நடக்கும் வழியில் ஓர் அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் வக்கீல் படிவங்களும் அடிப்பவர்கள். அங்கே அச்சுக்கோப்பவரும் மெஷின் ஓட்டுபவரும் ஒருவரே. என் வயசுதான் இருக்கும். புரூஃப்களை அவர் கொடுக்கக் கொடுக்க, நான் சாயங்காலப் பஸ்ஸில் ராஜபாளையத்துக்குக் கொண்டுவருவேன். விளக்கேற்றியதும் அவள் கையெழுத்துப் பிரதியோடு எதிரே உட்காருவாள். கோர்ட்டில் எப்படியோ அப்படியே. அவள் உரக்கப் படிக்க, நான் புரூஃப் மேல் பென்சிலை ஓட்டுவேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லப் பழக்கிவிட்டேன்.

அந்த நாட்களில் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு நாள் ஓர் இடத்தில் படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். குரல் கம்மியிருந்தது. ‘கடல் திரும்பி வந்தது’ என்று அந்த வரி.

“கமாவ விட்டுட்ட,” என்றேன்.

அவள் கமாவைச் சொல்லிவிட்டு மேலே படித்தாள்.

கடைசியில் இரண்டு பக்கம் பாக்கி. ஒன்று பதினேழாம் பக்கம். அதில் பள்ளத்தின் வெட்டுத் தோற்றம், அவளே வரைந்த படம். அதை அச்சடிக்க மதுரையில் உலோகத்தில் பிளாக் செய்து வர நாளாகிவிட்டது. படத்துக்குள் பொடி எழுத்துப் போட்டால் மசி அடைத்துக்கொள்ளும் என்று அச்சகத்தில் சொன்னதால், உள்ளே ஓர் எழுத்தும் கிடையாது. விளக்கம் கீழே தனியாக. இன்னொன்று மூன்றாம் பக்கம். அதில் ஒரே ஒரு வரிதான், பொறவு சேர்த்தது, அதை அச்சகத்துக்கு நேரே கொடுத்துவிட்டேன் என்றாள். அவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை மேற்பார்வை வேலை. அதனால் இரண்டையும் நான் மட்டும் பார்த்துவிடுவதாகப் பேச்சு.

மெஷின்காரர் கோர்ட்டுக்கே கொண்டுவந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் ஓர் எழுத்துக்குக் கால் ஒடிந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு மையால் குறி போட்டேன். பதினேழாம் பக்கத்தில் படம். “நம்ம மலை மாதிரியே இருக்கு சார்,” என்றார் மெஷின்காரர். நானும் பார்த்தேன். இரண்டு முடியுள்ள மலை, மேலே சாய்ந்த கோடுகளாக மழை, அடிவாரத்தில் நெளிநெளியாகக் கண்மாய். ராஜபாளையத்தில் எந்தச் சுவரில் படம் வரைந்தாலும் இதைத்தானே வரைவார்கள். நன்றாக வரைந்திருக்கிறாளே என்றுகூட நினைத்தேன். விளக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிழை இல்லை. இரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள். “மூணாம் பக்கம் பாத்தியளா?”

“பாத்தேன். ஒரு எழுத்துக்குக் கால் ஒடிஞ்சிருந்துச்சு. மாத்தச் சொல்லிட்டேன்.”

“வேற?”

“வேற என்ன? எல்லாம் சரியா இருக்கு.”

செத்த நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். பரீட்சை வேலையில் அலுத்திருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜபாளையத்தில் ஒரு நூலக அறையில் வெளியீடு. தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். மேப்பு போட்டால் போதாதா என்று கேட்ட அந்த மேப்பு டீச்சரும் வந்திருந்தாள், மூன்றாவது வரிசையில். நான் முன்வரிசையில் சலவை வேட்டியோடு இருந்தேன். அச்சான புத்தகத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்ததை எதற்குத் திரும்பப் பார்ப்பது?

யாரோ வரவேற்றுப் பேசிக்கொண்டிருக்கும்போது பேராசிரியர் மேடையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு சத்தமில்லாமல் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

மேடையில் அவர் பக்கத்தில் இருந்த என் மனைவி அதைப் பார்த்தாள். தன் கையிலிருந்த புத்தகத்தில் அதே பக்கத்தை எடுத்தாள். அவள் முகம் வெளிறியதை முன்வரிசையிலிருந்து கண்டேன். அடுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். இவன் யார் என்பது மாதிரி பார்த்தாள்.

அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் வந்து எழுதி வைத்திருந்த தாளை மடித்தாள்.

“எல்லாரும் பதினேழாம் பக்கத்தை எடுங்க. எடுத்தாச்சா? என்ன தெரியுது?”

“மலை!” என்றார்கள்.

“மலைக்கு மேல?”

“மழை!”

“அடிவாரத்துல?”

“கம்மா!”

“தப்பு. படம் தலைகீழா விழுந்துட்டு. அது என் பொறுப்பு, நாந்தான் கடைசியா ஒரு தடவை பாத்திருக்கணும். ஆனா இந்தத் தப்பு நம்ம ஊர்ல மட்டுந்தான் நடக்கும். மேற்க பாத்துப் பாத்தே வளந்த கண்ணுக்கு எதை நீட்டுனாலும் மலையாத்தான் தெரியும். இப்பப் புத்தகத்தைத் தலைகீழாத் திருப்புங்க.”

அறை முழுக்கத் தாள் புரளும் சத்தம். அத்தனை பேரும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். நானும் பிடித்தேன். அந்தப் பேராசிரியர் சிரித்துவிட்டார்.

“கம்மான்னு சொன்னியளே, அது கடல். மழைன்னு சொன்னது கருங்கல், அடிப்பாறை. ரெண்டுக்கும் நடுவுல புள்ளி புள்ளியா இருக்கே, அது கடலுக்கடியில படிஞ்ச மெத்துமெத்துன்னு மண்ணும் களியும். இதுக்கு மேல ஒரு கல் விழுது. நம்ம மலைய விடப் பெரிய கல். கடல் தெறிச்சு விலகித் தரை வெளிய தெரியுது. அடிப்பாறையில குழி ஆழமா விழுது, கெட்டிக் கல்லுங்கிறதால அம்புட்டு அகலம் இல்ல. மேல இருக்க மண்ணு நிக்குமா? சரிஞ்சு சரிஞ்சு உள்ள விழுது. அதனால பள்ளம் வெளிய வெளிய அகண்டுக்கிட்டே போகுது. ஒரு தாம்பாளத்துக்கு நடுவுல கிண்ணத்தை இறக்குனா எப்படி இருக்கும்? அப்படி. ரெண்டு முடிக்கு நடுவுல ஒரு பள்ளம் தெரிஞ்சுதே, இப்பப் பாருங்க, அது பள்ளம் இல்ல. அடி வாங்கி அமுங்குன பாறை திரும்ப எழும்பி நிக்குது.”

ஒருத்தர் இருமவில்லை. அவள் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினாள். வகுப்பில் பேசுகிற குரல். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“தரையில விழுந்தா கதை இங்க முடிஞ்சிருக்கும். கடல்ல விழுந்ததால முடியல. தெறிச்சு வெளிய ஓடுன கடல் திரும்பி வந்துச்சு. விளிம்பை அறுத்துக்கிட்டு, ஒடைஞ்சது அம்புட்டையும் வாரிக்கிட்டு அந்தக் குழிக்குள்ளயே கொட்டுச்சு. அடியில வீடு உசரக் கல்லு, அதுக்கு மேல பொடிக்கல்லு, அதுக்கு மேல மணலு. எல்லாம் ஓஞ்சப்புறம் சன்னமான களி. அதுதான் கதம்பப் பாறை. அதுக்கு மேல கோடிக்கணக்கான வருஷமா மண்ணு படிஞ்சு மூடிட்டு. மேல பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். ஆனா உள்ள கதம்பத்துல மாட்டுன பழைய உப்புத் தண்ணி இன்னும் அப்படியே இருக்கு. ஆழமாத் தோண்டுறவனுக்குத்தான் அந்த உப்பு தெரியும்.”

கதம்பப் பாறை என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊசி தேடிய எரிச்சலில் நான் கத்திய சொல். நாலு வருஷம் அதை வைத்து எழுதியிருக்கிறாள். அத்தனை பக்கத்திலும் அந்தச் சொல் வந்திருக்கும். அவள் என் எதிரே உட்கார்ந்து வாய்விட்டு எத்தனை தடவை படித்திருப்பாள்! என் பென்சில் ஒவ்வொரு தடவையும் அதன் மேல் ஊர்ந்து போயிருக்கிறது.

கைதட்டினார்கள். பேராசிரியர், “படம் நேரா இருந்திருந்தா நாம இவ்வளவு தெளிவாப் பாத்திருக்க மாட்டோம்,” என்றார். மேப்பு டீச்சர்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் மனைவி எல்லாருக்கும் சிரித்தாள்.

வெயிலில் வீட்டுக்கு நடந்து வந்தோம். பாதி வழியில் அவள் கேட்டாள்.

“நீங்க வாசிக்கவே இல்லல்ல?”

எனக்குப் பொசுக்கென்று வந்துவிட்டது. தப்பு நம் பக்கம் இருந்தால் கோபம் இரண்டு மடங்காகத்தானே வரும்! “அந்த அச்சகத்துக்காரன் பிளாக்கைத் தலைகீழா மாட்டுனா நான் என்ன செய்ய? நாளைக்குப் போயி அவன உண்டு இல்லன்னு ஆக்குதேன், பாரு!” என்று நடுரோட்டில் சத்தம் போட்டேன்.

“அச்சகத்த விடுங்க. விளக்கத்துல ‘மேலே நெளிகோடுகள் கடல்’னு இருக்கு. அதுக்கு நேர் மேல படத்துல நெளிகோடு கீழ கிடக்கு. வாசிச்சவருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“ஒவ்வொரு எழுத்தையும் பாத்தேன்டி!”

“பாத்திய,” என்றாள். வீடு வரைக்கும் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

மறுநாள் கோர்ட்டுக்குப் போகும் வழியில் அச்சகத்துக்குள் நுழைந்தேன். “ஏலே, கண்ண எங்கலே வச்சிருந்த?” என்றுதான் ஆரம்பித்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மெஷின்காரர் மசிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே முழுசையும் கேட்டார். பிறகு ஆணியில் குத்தி வைத்திருந்த புரூஃப் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

“நாங்க நம்ம மலைன்னு நெனச்சோம் சார். எங்களுக்குப் படிப்பு அம்புட்டுத்தான். நீங்கதான சார் பாத்துக் கையெழுத்துப் போட்டிய?”

என் கையெழுத்து எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில், ஒரே சாய்வில், அழகாக இருந்தது. பதினேழைத் தேடிப் புரட்டும்போது மூன்றாம் பக்கம் வந்தது. நடுப்பக்கத்தில் ஒற்றை வரி.

‘எதிரே அமர்ந்து இதை முதலில் வாசித்தவருக்கு.’

பக்கத்தில் கால் ஒடிந்த எழுத்துக்கு நான் போட்ட சிவப்புக் குறி. கீழே என் கையெழுத்து.

மெஷின்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். “மூணாம் பக்கம் பாத்தியளா?” என்று அன்றைக்கு அவள் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருந்தது. “வேற?” என்று இரண்டாம் தடவை கேட்டாளே, அதுதான் என்னைக் கொன்றது. எதற்காக நின்றாள், என்ன சொல்வேன் என்று நின்றாள்! எனக்கு அழுகை வந்துவிட்டது. அச்சகத்தில் உட்கார்ந்து அழுத முதல் எக்ஸாமினர் நானாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். பென்சில் எடுக்கவில்லை. முதலில் கண் பழக்கத்தில் ஓடிவிட்டது. நாலு பக்கம் முடிந்தபோது ஒன்றும் ஞாபகம் இல்லை. திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தேன். வாயை அசைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்தேன். அந்தப் பள்ளத்திலிருந்து எடுத்து மெல்லிய சீவலாக அறுத்த படிகக் கல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நெருக்கமாக, ஒன்றோடொன்று இணையாக, பல திசையிலும் கோடுகள் ஓடுமாம். எரிமலை அந்தக் கோட்டைப் போடாது, பூகம்பம் போடாது. வானத்துக் கல் மோதிய அடி மட்டுமே போடும். பாறையில் எது பொய் சொன்னாலும் அந்தக் கோடு பொய் சொல்லாது என்று எழுதியிருந்தாள். என்னை மாதிரி கோர்ட்டு ஆளுக்கு அதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? எனக்கே எழுதியது மாதிரி இருந்தது. ஒருவேளை எனக்குத்தான் எழுதினாளோ என்னவோ.

அவள் வந்தாள், போனாள், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் நான்தான் கேட்டேன்.

“அந்தக் கருங்கல்லு போயி அமுங்கித் திரும்ப எழும்புமா? கல்லு எப்படி எழும்பும்?”

“பதினஞ்சாம் பக்கத்துல இருக்கு,” என்றாள், அரிசியைப் புடைத்துக்கொண்டே.

பதினைந்தாம் பக்கத்தில் இருந்தது. அந்த நேரத்தில் கெட்டிப் பாறையும் கூழ் மாதிரி நடந்துகொள்ளுமாம், சில நிமிடங்களுக்கு மட்டும். அப்புறம் எழும்பிய நிலையிலேயே இறுகிவிடுமாம்.

மூன்றாம் நாள் முடித்தேன். ‘கடல் திரும்பி வந்தது’ என்ற வரி வந்தபோது நிறுத்தினேன். அதற்கு முன்னால் கமா இருந்தது. அங்கே அவள் குரல் ஏன் கம்மியது என்று புரிந்தது. நாலு வருஷம் தனியாக அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்றைக்குத்தான் இன்னொருத்தருக்குக் காட்டினாள். அந்த இன்னொருத்தர் கமாவைக் காட்டினார்.

எல்லாப் பிரதியிலும் ஒட்டுவதற்குப் பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடிக்க வேண்டியிருந்தது. நானே ஒரு தாளில் எழுதி அவளிடம் நீட்டினேன்.

‘பிழைதிருத்தம். பக்கம் 17: படம் தலைகீழாக அச்சாகியுள்ளது. புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கவும்.’

வாசித்தாள். “எல்லாத்தையும் வாசிச்சிட்டியளா?” என்று கேட்டாள்.

“வாசிச்சிட்டேன்.”

“மூணாம் பக்கம்?”

“அதுவும்,” என்றேன். “எனக்குக் கண்ணு இருந்தும் இல்லாமப் போச்சு,” என்று மட்டும் சொன்னேன்.

என் சட்டைப் பையிலிருந்து பென்சிலை உருவினாள். சீட்டில் என் வரிக்குக் கீழே நிதானமாக இன்னொரு வரி எழுதினாள். எழுதி முடித்ததும் எனக்குக் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

‘பக்கம் 3: முதலில் வாசித்தவருக்கு என்பதை, கடைசியில் வாசித்தவருக்கு என்று திருத்தி வாசிக்கவும்.’

“ஏட்டி, இத ஊரே பாக்கும்,” என்றேன்.

“பாக்கட்டும். நீங்க வாசிச்சதும் ஊருக்குத் தெரியணும்லா.”

மறுநாள் காலையில் அச்சகத்தில் கொடுத்தேன். மெஷின்காரர் இரண்டாம் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அச்சுக்கோத்து, ஒரு புரூஃப் எடுத்துக் கொடுத்தார். முதலில் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிறகு ஒரு தடவை வாசித்தேன். பிழை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.